ஊறுகாய்க் காப்டனுக்கு வந்த தீட்டு

ரோக்கு சார்ப் வருடத்தில் முக்கால்வாசி நாள் தீட்டில் இருந்தார். அதற்காக அரசாங்கம் அவருக்குச் சம்பளம் கொடுத்தது.

இதில் சிரிக்க ஒன்றுமில்லை. கிழக்கே அலெக்ஸாந்திரியாவிலிருந்தும் ஸ்மிர்னாவிலிருந்தும் மால்டாவுக்கு வருகிற கப்பல் எதுவும் அந்தக் காலத்தில் நேரே வலெட்டாவின் பெரிய துறைக்குள் நுழைந்துவிட முடியாது. சரக்கோடு சரக்காகக் கொள்ளைநோயும் வந்திருக்கலாம். ஆகையால் நகரத்துக்கு மறுபுறமுள்ள மார்சம்ஷெட் துறையில் மஞ்சள் கொடி ஏற்றிக்கொண்டு 'நாற்பது' முடிகிறவரை ஒதுங்கிக் கிடக்க வேண்டும். நாற்பது என்றால் நாற்பது நாள் என்று பச்சைக்குழந்தைகள்தான் நம்பும். கப்பல் வந்த ஊரையும், கப்பலில் வந்தவருடைய செல்வாக்கையும் பார்த்து அது சுருங்கும், நீளும். பெயர் மட்டும் மாறாது.

அப்படிக் கிடக்கிற ஒவ்வொரு கப்பலுக்கும் சுகாதார சபை ஒரு காவலரை ஏற்றிவிடும். யாரும் யாரையும் தொடாமல் பார்த்துக்கொள்வது அவர் வேலை. கையில் நீளப் பிரம்பு, தொப்பியில் மஞ்சள் பட்டை. ஏறிய கணத்திலிருந்து அவரும் தீட்டு. கப்பலுக்கு 'பிராத்திக்கா' என்கிற விடுதலை கிடைத்தால்தான் அவருக்கும் விடுதலை. கைதிக்கும் காவலுக்கும் ஒரே தண்டனை விதிக்கிற நியாயம் உலகத்தில் வேறு எங்கும் இருந்ததாகத் தெரியவில்லை.

எது தீட்டு, எது தீட்டில்லை என்பதில் நம்மூர் மடிக்காரர்கள் ரோக்குவிடம் வந்து பாடம் கேட்கலாம். மரத்துக்கும் இரும்புக்கும் தீட்டு கிடையாது. துணி, பஞ்சு, காகிதம், கம்பளி, இறகு எல்லாம் தீட்டு. கோழியை இறகோடு வாங்கினால் தீட்டு, உரித்து வாங்கினால் சுத்தம். தாரில் ஊறிய கறுப்புக் கயிறு சுத்தம், தார் காணாத வெள்ளைச் சணல் கயிறு தீட்டு. கடுதாசியை இடுக்கியால் வாங்கி, வெட்டி, வினிகரில் முக்கி, புகை காட்டினால் பாவம் நீங்கிவிடும். காதல் கடுதாசிக்கும் அதே முறைதான்.

ரோக்குவின் ஊரான செங்லேயாவில் பாதிரியார் வைக்கிற பெயர் கோயில் ஏட்டோடு சரி. தெரு வேறு பெயர் வைக்கும். ரோக்கு நாள் முழுக்க "தொடாதே! தொடாதே!" என்று கத்திக்கொண்டிருந்ததால் தெரு அவருக்குத் 'தொடாதே' என்றே வைத்துவிட்டது. வீடு 'தொடாதே' வீடு. மனைவி கிராத்சியா 'தொடாதே' பெண்டாட்டி. ஒரே மகள் தொலோர், 'தொடாதே' மகள். கல்யாண வயதில் ஒரு பெண்ணுக்கு இப்படிக் குடும்பப் பெயர் அமைந்தால் தரகர்கள் என்ன பாடு படுவார்கள் என்பதை வாசகர்களே ஊகித்துக்கொள்ளலாம்.

ஆனால் ரோக்கு தன் வேலையை விளையாட்டாகச் செய்யவில்லை. அவருடைய பதினாறாம் வயதில், ஊருக்குள் கொள்ளைநோய் வந்த வருடத்தில், அவர் தாய் யாரோ திருட்டுத்தனமாகக் கரைசேர்த்த லினன் துணியை மலிவாக வாங்கி, நிறம் பொருந்துகிறதா என்று தோளில் போட்டுப் பார்த்தாள். அந்த வாரமே அவளையும் ரோக்குவின் இரண்டு தம்பிகளையும் சுண்ணாம்புக் குழியில் போட்டார்கள். சிறைக்கைதிகள்தான் கொக்கியால் இழுத்துப் போனார்கள், தொடக்கூடாது என்பதால். அந்த ஒரு விஷயத்தில் ரோக்குவிடம் யாரும் வேடிக்கை பேச முடியாது. இந்தக் கதையும் பேசப்போவதில்லை.

வேடிக்கைக்கு வேறு ஆள் இருக்கிறார்.

கடலெல்லாம் அப்போது ஆங்கிலேயர் கையில். கடல் அவர்களுடையதாகிவிட்டால், எந்தக் கப்பல் எந்த மிதவையில் கட்டுவது, யார் முன்னே வருவது, யார் நகர்ந்துகொள்வது என்று தினம் நூறு தகராறு வரும். அதைத் தீர்க்க ஒவ்வொரு துறைக்கும் ஒரு துறைமுகக் காப்டனை வைத்திருந்தார்கள். கடலில் ஒரு கப்பலைப் பாறையில் மோதவிட்ட அதிகாரிக்குக் கரையில் ஒரு துறைமுகத்தையே தூக்கிக் கொடுத்துவிடுவது அந்தச் சாம்ராஜ்யத்தின் பெருந்தன்மை. துறைமுகம் நகராது அல்லவா, மோதாது.

அப்படி வந்து சேர்ந்தவர் காப்டன் ஹார்கிரீவ். மீசை மழித்த, சிவந்த, கஞ்சிபோட்ட மனிதர். வெள்ளைக் கால்சட்டையில் ஒரு சுருக்கம் கண்டால் அன்று துறைமுகத்தில் யாருக்காவது வேலை போகும். கொள்ளைநோய் என்பது எண்ணெயில் சமைக்கிற ஜனங்களின் கற்பனை, காவலர்கள் சும்மா உட்கார்ந்து தின்கிற கூட்டம் என்பது அவர் கொள்கை. ஊர் மொழியும் பேசுவார். துணி வெளுக்கிறவளிடமிருந்து கற்றது. ஆகையால் அவர் கோபத்தில் திட்டும்போது, பதக்கம் குத்திய மார்போடு, கொடிக்கம்பத்தின் கீழே நின்று, "கட்டையில போறவனே! உன் அடுப்புல பூனை தூங்க!" என்பார். திட்டு வாங்கியவன் சிரிப்பை அடக்க முடியாமல் இன்னொரு திட்டும் வாங்குவான்.

ரோக்குவுக்கும் அவருக்கும் பகை விழுந்தது தடுப்புக் கட்டையில். வலெட்டா கரையில் இரண்டு வரிசை மரக்கட்டை அடித்திருப்பார்கள். இந்தப்புறம் ஊர், அந்தப்புறம் தீட்டு, நடுவில் ஒரு ஆள் படுத்தால் கொள்ளுகிற இடைவெளி. பேச வேண்டியதைக் கத்திப் பேச வேண்டும். பக்கத்தில் ஒரு தொட்டி நிறைய வினிகர்.

அன்று ஸ்மிர்னாக் கப்பல்காரர் ஒருவர் இடுக்கி வருவதற்காகக் கடுதாசியை நீட்டிக்கொண்டு நின்றார். ஹார்கிரீவ் வந்தார். பொறுமை அவர் பதவிக்குரிய குணமல்ல.

"என்னடா அங்க இடுக்கி கிடுக்கின்னு? குடு இங்க!" என்று கட்டைமேல் எக்கிக் கையை நீட்டினார்.

"தொடாதே!" என்றார் அந்தப்புறம் நின்ற ரோக்கு.

"யாரைப் பாத்துடா சொல்ற?"

"யாரா இருந்தாலும் அதே வார்த்தைதான் காப்டன். ராசாவுக்குன்னு வேற வார்த்தை இன்னும் எழுதித் தரல."

ஹார்கிரீவ் இன்னும் எக்கினார். விரல் நுனிக்கும் கடுதாசிக்கும் நடுவே ஒரு சாண் இருக்கும்போது, பிரம்பு நீண்டு வந்து அவர் மார்புப் பதக்கங்களுக்கு நடுவில் ஊன்றி, ஒரு தள்ளுத் தள்ளியது. பிரம்பு மரம். மரத்துக்குத் தீட்டு கிடையாது. சட்டப்படி அதில் ஒரு குற்றமும் இல்லை. பின்னால் வினிகர்த் தொட்டி இருந்ததுதான் சங்கடம். காப்டன் அதில் இடுப்புவரை அமர்ந்தார்.

கட்டைக்கு இருபுறமும் நின்றவர்கள் எக்கிப் பார்த்தார்கள். பிறகு மீன்கூடைக்காரி ஒருத்தி, "ஏண்டி, இன்னும் கொஞ்சம் உப்புப் போட்டா வருசம் முழுக்கக் கெடாதுடி!" என்றாள்.

அன்று சாயங்காலத்துக்குள் செங்லேயா, பிர்கு, வலெட்டா மூன்றும் சேர்ந்து அவருக்கு 'ஊறுகாய்' என்று ஞானஸ்நானம் செய்துவிட்டன. அந்தத் தீவில் வந்த பெயர் போகாது.

ஊறுகாய்க் காப்டன் ரோக்குவை வேலையிலிருந்து நீக்க முடியாது. காவலர்கள் சுகாதார சபையின் ஆட்கள். ஆனால் எந்தக் காவலர் எந்தக் கப்பலுக்கு என்று ஒதுக்குகிற அதிகாரம் துறைமுகக் காப்டனுடையது. நிர்வாகம் தெரிந்தவர்களுக்கு அது போதும். ஒரு கப்பல் முடிந்து ரோக்கு கரையேறுவார். வீட்டுக்குப் போகுமுன் அலுவலகத்தில் முகம் காட்ட வேண்டும் என்பது விதி. முகம் காட்டினால் அங்கே அடுத்த கப்பல் காத்திருக்கும். அதுவும் எலும்பு ஏற்றி வந்தது, பச்சைத்தோல் ஏற்றி வந்தது, மெக்காவிலிருந்து திரும்புகிற யாத்திரிகர்கள் வயிற்றோட்டத்தோடு வந்தது, இப்படிப் பொறுக்கி எடுத்தது.

"உனக்கு உன் வேலை ரொம்பப் பிடிக்குமாமே, ராசாத்தி" என்பார் ஹார்கிரீவ். துணி வெளுக்கிறவள் தன் மகளை அப்படித்தான் கூப்பிடுவாளாம். ஆண்பால் சொல்லித்தர மறந்துவிட்டாள்.

இப்படியே குளிர்காலம் போனது, ஈஸ்டர் போனது. வீட்டில் ரோக்குவின் நாற்காலியில் பூனை குட்டிபோட்டது. அந்தச் சமயத்தில்தான் தொலோருக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை இந்த்ரி, பிர்குவில் கப்பல் தச்சன், நல்ல பையன். அவன் தாய் ஜிரால்டா அப்படியல்ல. அவள் புருசன் அட்மிரல் வீட்டுச் சமையல்காரன். அட்மிரலுக்கு இறைச்சி வெந்ததா வேகவில்லையா என்பதை முடிவு செய்கிற குடும்பம் என்கிற கனம் அவளுக்கு. பேதுரு பவுல் திருநாள் கழிந்த ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் என்று முடிவாயிற்று. அவள் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று: பெண்ணைத் தகப்பன்தான் கையைப் பிடித்துக் கோயிலுக்குள் அழைத்து வர வேண்டும், தகப்பன் இல்லாத வீட்டில் சம்பந்தம் செய்தோம் என்று பிர்குவில் ஒருத்தி வாயில் வரக்கூடாது.

இந்தச் சேதியைக் கிராத்சியா தடுப்புக் கட்டைக்கு வந்துதான் சொல்ல வேண்டியிருந்தது. ரோக்கு அப்போது கடற்பஞ்சு ஏற்றி வந்த ஒரு கிரேக்கக் கப்பலில் இருந்தார். இரு பக்கமும் நூறு பேர் அவரவர் குடும்பச் சண்டையைக் கத்திக்கொண்டிருந்தார்கள். வலெட்டாவில் ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது கப்பலில் யாரும் இல்லாத குடும்பத்தின் ரகசியமாகத்தான் இருக்கும்.

"யோவ் மனுசா! காதுல விழுதா? ஞாயித்துக்கெழமை! கல்யாணம்!"

"விழுது, விழுது! கப்பலுக்கு வெள்ளிக்கிழமை விடுதலை! வந்துடுவேன்!"

"போன தடவையும் இதே வாயாலதான் சொன்ன! வெள்ளிக்கெழமை அந்த ஊறுகாய் உன்னைக் கூப்புட்டு இன்னொரு கப்பல்ல ஏத்துவான், நீ பிரம்பத் தூக்கிக்கிட்டு ஏறுவ!"

"இந்தத் தடவை சபையில எழுதி வாங்கிட்டேன். எட்டு நாள் லீவு. அவன் ஒண்ணும் பண்ண முடியாது!"

"புள்ள சொல்றா, அப்பா வரலேன்னா நான் கோயில் வாசப்படி ஏறமாட்டேன்னு!"

"வருவேன்னு சொல்லு!"

"நீயே சொல்லு, கட்டைக்கு இந்தப்பக்கம் வந்து சொல்லு! இருவது வருசமாக் கட்டைக்கு அந்தப்பக்கம் நின்னே குடும்பம் நடத்துற!"

பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்த ஒரு தோல் வியாபாரி, "அக்கா, அப்ப புள்ள எப்படி வந்துச்சு?" என்றான். கிராத்சியா அவனுக்குச் சொன்ன பதிலை அச்சில் போட முடியாது.

லீவுச் செய்தி ஊறுகாய்க் காப்டன் காதுக்கும் போயிற்று. சபையின் முத்திரையை மீறக் கையில் வழி இல்லாமல் அவர் இரண்டு நாள் சோறு இறங்காமல் திரிந்ததாகச் சமையலறைப் பக்கம் பேச்சு.

வியாழக்கிழமை மத்தியானம். மறுநாள் காலை பிராத்திக்கா. கிரேக்கக் கப்பலின் தலைவர் ஸ்பீரோ, கறுத்த பெரிய உடம்பு, சிறிய பொறுமை. ரோக்குவோடு ரொட்டியில் எண்ணெய் தேய்த்துத் தின்றுகொண்டிருந்தார்.

"அண்ணே, நாளைக்கு இந்நேரம் நீ வீட்ல, நான் கள்ளுக்கடையில. போதும்டாப்பா இந்தத் தவம்."

அப்போது துறைவாயில் பீரங்கிச் சத்தம். அட்மிரலின் கொடிக்கப்பல் கிழக்கேயிருந்து வருகிறது. கிழக்கேயிருந்து வந்தால் அட்மிரலுக்கும் நாற்பதுதான். பத்தாகச் சுருங்கும், அது வேறு. ஆனால் அவர் நங்கூரம் போட நல்ல ஆழம் வேண்டும். நல்ல ஆழத்தில் அன்று காலையில் வந்த அலெக்ஸாந்திரியாக் கப்பல் ஒன்று கிடந்தது. வழியில் செத்த மூன்று பேரைக் கடலில் இறக்கிவிட்டு வந்த கப்பல். அதன்மேல் இன்னும் காவலர்கூட ஏறவில்லை. துறையே அதைக் கண்டு மூக்கைப் பொத்திக்கொண்டிருந்தது.

அட்மிரல் கண்ணில் தான் முதலில் படவேண்டும் என்று ஹார்கிரீவ் எட்டுத் துடுப்புப் படகில் தானே வந்துவிட்டார்.

"நகர்த்துடா! கட்டையில போறவனே, நகர்த்து! கயிறைப் போடு, நான் இழுத்துக்கறேன்!"

கப்பலில் உயிரோடு இருந்தவர்களே நாலைந்து பேர், அதிலும் பாதி காய்ச்சல். ஒருவன் கையில் கிடைத்த கயிற்றைச் சுருட்டி எறிந்தான். அது காற்றில் விரிந்தது. வெயிலில் பளிச்சென்று தெரிந்தது, வெள்ளையாக.

ரோக்கு கையிலிருந்த ரொட்டியைப் போட்டுவிட்டுக் கப்பல் விளிம்புக்கு ஓடினார். "தொடாதே! வெள்ளைக் கயிறு! காப்டன், தொடாதே!"

அந்த ஒரு வார்த்தையை அந்த ஒரு வாயிலிருந்து கேட்டதுதான் வினை. வேறு யாராவது கத்தியிருந்தால் ஹார்கிரீவ் ஒருவேளை கையை இழுத்திருப்பார். ரோக்கு கத்தியதால் அவர் நிமிர்ந்து, ரோக்குவைப் பார்த்துக்கொண்டே, இரண்டு கையாலும் கயிற்றை வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். போதாதென்று தடவியும் காட்டினார்.

கப்பல் நகர்ந்தது. கொடிக்கப்பல் வந்து கம்பீரமாக நின்றது. எல்லாம் முடிந்தபின்தான் ஹார்கிரீவுக்குத் தான் செய்தது விளங்கியது. மூன்று சாவு கண்ட கப்பலின் கயிறு. முழு நாற்பது, ஒரு நாள் குறையாது. அட்மிரல் வந்திருக்கிற நேரத்தில், விருந்தும் அணிவகுப்பும் நடக்கிற நேரத்தில், துறைமுகக் காப்டன் தீட்டு வீட்டில். படகோட்டிகள் அவருடைய ஆட்கள், வாய் திறக்க மாட்டார்கள். துறையில் பார்த்த ஒரே காவலர் ரோக்கு.

படகு மெல்ல ஸ்பீரோவின் கப்பல் பக்கம் வந்தது. ஹார்கிரீவ் தொப்பியை எடுத்தார். அவர் ரோக்குவுக்குத் தொப்பி எடுத்தது அதுதான் முதல் தடவை.

"ரோக்கு, கண்ணு. நாளைக்கு வீட்டுக்குப் போற. மகளுக்குக் கல்யாணம். சந்தோசம். நீ ஒண்ணும் பாக்கல."

"பாத்தேன் காப்டன்."

"கறுப்புக் கயிறு."

"வெள்ளைக் கயிறு. ரெண்டு கையாலயும் வாங்குனீங்க. தடவுனீங்க."

"யோசிச்சுப் பேசு. இனிமே நீ கேக்கற கப்பல்தான் உனக்கு. வேண்டாம்னா வீட்லயே இரு, சம்பளம் வரும். உன் வாயில ஒரு வார்த்தை வராம இருந்தாப் போதும். ஒரே ஒரு வார்த்தை."

ஸ்பீரோ ரோக்குவின் காதுக்குள், "அண்ணே, பேசாம இரு அண்ணே. அவன் செத்தா அவனுக்கு. நமக்கு நாளைக்குக் காலைல கதவு திறக்குது" என்றார்.

ரோக்கு அந்தப் படகைப் பார்த்தார். அது கரைக்குப் போகும். காப்டன் வீட்டுக்குப் போவார். அந்தக் கால்சட்டை நாளைக்குத் துணி வெளுக்கிறவள் வீட்டுக்குப் போகும். அவளுக்கு இரண்டு குழந்தைகள். இதை அவர் நினைத்தது உண்மை. ஊறுகாய் அகப்பட்டுக்கொண்டானே என்று அவர் நெஞ்சு குளிர்ந்ததும் உண்மை. கடமை எவ்வளவு, காழ்ப்பு எவ்வளவு என்று நிறுத்துப் பார்க்கத் தராசு கிடையாது. நல்ல காரியங்களில் பாதி இப்படித்தான் நடக்கிறது. பாராட்டுக் கூட்டத்தில் மறுபாதியைச் சொல்வதில்லை.

அவர் கப்பல் மணியை அடித்தார். சுகாதாரப் படகு தூரத்தில் திரும்பியது.

"துறைமுகக் காப்டனுக்குத் தீட்டு!" என்று கத்தினார் ரோக்கு. இருபது வருடத்தில் அவர் குரல் அவ்வளவு நன்றாக எடுத்ததில்லை. "அலெக்ஸாந்திரியாக் கப்பலோட வெள்ளைக் கயிறைத் தொட்டுட்டார்! படகோட எல்லாருக்கும் தீட்டு!"

ஹார்கிரீவ் கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது. படகைக் கப்பலோடு ஒட்ட வைத்தார். நூலேணியில் ஏறினார், வயதுக்கு மீறிய சுறுசுறுப்போடு. ஸ்பீரோ "வராதே, வராதே" என்று பின்வாங்கினார். ரோக்கு பிரம்பை நீட்டினார். இந்தத் தடவை காப்டன் பிரம்பைப் பிடித்து ஒதுக்கிவிட்டு, நேரே வந்து, தன் வலது உள்ளங்கையை ரோக்குவின் கன்னத்தில் பொறுமையாக வைத்தார். தாய் குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போல.

"இப்ப உனக்கும்" என்றார். "மகளுக்கு என் ஆசீர்வாதம் சொல்லு, ராசாத்தி."

கடற்பஞ்சுக் கப்பலுக்கும் சேர்த்துப் புதிய நாற்பது தொடங்கியது. ஸ்பீரோ இருவரையும் ஒரே வசவால் திட்டினார். கிரேக்கத்தில் அதற்குப் பன்மை உண்டாம்.

தீட்டு வீடு துறை நடுவே ஒரு தீவில் இருந்தது. காப்டனுக்கும் படகோட்டிகளுக்கும் ஒரு பெரிய அறை. ஒரு காவலர் உடனிருக்க வேண்டும் என்பது விதி. அதே தீட்டில் ஏற்கெனவே இருக்கிற காவலரை விட்டுவிட்டுப் புதிதாக ஒருவரை வீணாக்குவானேன் என்று சபை சிக்கனமாக யோசித்தது. ஆகவே ரோக்குவுக்கும் அந்த அறைதான். இரண்டு கட்டில், நடுவே ஒரு சன்னல், படகோட்டிகளுக்குத் தரையில் பாய்.

கிராத்சியா சபை வாசலில் போய் அழுதாள், பிறகு கத்தினாள். விதி விதிதான் என்றார்கள். தொலோர் மட்டும் சத்தம் போடவில்லை. "அந்தாளு மேல இருக்கற பகை என்னைவிடப் பெருசாப் போச்சு அவருக்கு" என்று ஒரே வரி சொன்னாளாம். அந்த வரி கட்டையிலிருந்து படகுக்கு, படகிலிருந்து தீவுக்கு, ஒரு எழுத்துக்கூடச் சிந்தாமல் வந்து சேர்ந்தது. கெட்ட செய்திக்குத் தீட்டு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் காற்று ஊர்ப்பக்கத்திலிருந்து அடித்தது. வலெட்டா மேட்டைத் தாண்டிச் செங்லேயாக் கோயில் மணி கேட்டது. கல்யாணத்துக்கு அடிக்கிற மணி, துள்ளித் துள்ளி அடிக்கும். ரோக்கு சன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

ஹார்கிரீவ் சன்னலோரம் நின்று, மணிக்கு ஏற்றாற்போல் விரலால் தாளம் போட்டார். "கேக்குதா? இப்ப வாசல்ல நிப்பாங்க. அப்பன் எங்கே, அப்பன் எங்கேன்னு மாமியாக்காரி கேப்பா." தாளம் நிற்கவில்லை. "யார் கையைப் பிடிச்சுக்கிட்டு உள்ள போவா உன் பொண்ணு? சொல்லேன்."

ரோக்கு எழுந்தார். வாசலுக்குப் போனார். வெளியே முற்றத்தில் இன்னொரு காவலர் எட்ட நின்றுகொண்டிருந்தார். ரோக்கு அவரிடம் முறைப்படி கேட்டார்:

"தம்பி, ஒரு சந்தேகம். ஒரே நாள்ல ஒரே தீட்டு வாங்குன ரெண்டு பேரு, ஒருத்தரை ஒருத்தர் தொட்டா நாள் கூடுமா?"

"கூடாது அண்ணே. ஒரே தீட்டுதானே."

"எத்தனை தடவை தொட்டாலும்?"

"எத்தனை தடவை தொட்டா என்ன?"

"அதைத்தான் உறுதிப்படுத்திக்கிட்டேன்."

உள்ளே வந்தார். இந்தப் பூமியில் தற்போதைக்குச் சட்டம் தனக்குத் தொட அனுமதித்திருக்கிற ஒரே பெரிய மனிதரை நெருங்கினார். ஒரு அறை விட்டார். இருபது வருடமாக யாரையும் தொடாத கை; சேமிப்பு நிறைய இருந்தது. காப்டன் சுவரில் மோதி நிமிர்ந்து திருப்பி ஒரு குத்து விட்டார், ரோக்குவின் உதடு கிழிந்தது. பிறகு இருவரும் கட்டிப் புரண்டார்கள். படகோட்டிகள் எட்டுப் பேரும் மேலதிகாரிக்கு உதவியாகக் கட்டில்களை நகர்த்தி இடம் செய்து கொடுத்தார்கள்.

மறுநாள் ஹார்கிரீவ் கம்பிக் கதவுக்கு வெளியே எட்ட நின்ற சுகாதார எழுத்தரைக் கூப்பிட்டு, வீங்கிய கன்னத்தோடு புகார் சொன்னார்.

எழுத்தர் கவனமாகக் கேட்டார். "தொட்டது வெறுங்கையா, துணியோடயா?"

"வெறுங்கை! அடிச்சாண்டா, கட்டையில போறவன்!"

"புதுத் தீட்டா, பழைய தீட்டா?"

"என்னது?"

"அவர் வேற எதையாவது தொட்டுட்டு வந்து உங்களைத் தொட்டாரா?"

"இல்ல."

"அப்ப எழுத ஒண்ணுமில்லையே காப்டன். மத்தது நீங்க வெளிய வந்தப்புறம் கோர்ட்ல பாத்துக்குங்க. துணி ஏதாவது கிழிஞ்சிருந்தா மட்டும் சொல்லுங்க, புகை போடணும்."

அன்று மத்தியானம் ரோக்குவைப் பார்க்க ஆள் வந்திருப்பதாகச் சொல்லி, படகில் ஏற்றித் தடுப்புக் கட்டைக்குக் கொண்டுவந்தார்கள். அந்தப்புறம் கிராத்சியா, கல்யாணத்துக்குக் கட்டிய கறுப்புப் பட்டோடு. கையில் துணிமூட்டை. சர்க்கரை பூசிய பாதாம்பருப்பு, மிச்சம் விழுந்த பணியாரம். அதை எறிந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"தின்னு! உன் மக கல்யாணத்துப் பணியாரம்! ஊரெல்லாம் தின்னாச்சு, நாய்க்குப் போட்டது போக மிச்சம்!"

"யாரு கூட்டிட்டுப் போனா அவளை?"

"என் தம்பி. அவனும் பாதி போதையில. அந்த ஜிரால்டா வாசல்லயே நிறுத்திட்டா. தகப்பன் எங்கேன்னா. நான் சொன்னேன், துறைமுகக் காப்டனையே புடிச்சுக் காவல்ல வெச்சிருக்கார், வர நேரமில்லேன்னு."

"அதுக்கு என்ன சொன்னா?"

"எங்க வீட்டுக்காரர் அட்மிரலுக்கே பத்தியச் சோறு போட்டிருக்கார்னா. மூஞ்சியத் திருப்பிக்கிட்டா. பாதிரியார் வந்து சொன்னப்புறம்தான் வழிவிட்டா. தொலோர் அழுதுக்கிட்டே படி ஏறினா. உன் மூஞ்சியில இனி முழிக்கமாட்டாளாம். நானும்தான். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் வந்தேன்." திரும்பிப் போகப் போனவள் நின்றாள். "உதட்டுல என்ன?"

"ஒண்ணுமில்ல."

"யோவ், இருவத்திரெண்டு வருசம். என்னன்னு கேட்டேன்."

"ஊறுகாய் குத்திட்டான்."

கிராத்சியாவின் முகம் மாறியது. கட்டையின் இரண்டு பக்கமும் மற்றவர்கள் தங்கள் குடும்பச் சண்டையை நிறுத்திக்கொண்டார்கள். "அவன் எதுக்கு உன்னைக் குத்தணும்?"

"நான் முதல்ல ஒண்ணு விட்டேன். கோயில் மணி அடிக்கறப்ப. அவன் புள்ளயோட மாமியாக்காரி அது இதுன்னு…"

"எங்க விட்ட?"

"கன்னத்துல."

"சத்தம் வந்துச்சா?"

"முற்றத்துல நின்னவன் திரும்பிப் பாத்தான்."

கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். கிராத்சியா சிரிக்கவில்லை. பட்டு முக்காட்டை இழுத்துச் சரிசெய்துகொண்டு, சந்தைக்குச் சாமான் சொல்லியனுப்புகிற குரலில் கேட்டாள்:

"இன்னும் எத்தனை நாளு அவன்கூட இருக்கணும்?"

"ஒரு மாசத்துக்கு மேல இருக்கு."

"அப்ப தொலோருக்காக ஒண்ணு விடு. இந்த்ரிப் பையனுக்காக ஒண்ணு. எனக்குக் கடைசியா விடு, அவசரமில்ல, நல்லாச் சாப்ட்டுட்டு விடு." என்றுவிட்டு அவள் கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு பிர்குப் படகுத்துறையைப் பார்த்து நடந்தாள். ஜிரால்டாவிடம் சொல்ல வேண்டிய செய்தி சூடாக இருக்கும்போதே சொல்ல வேண்டும்.

ரோக்கு பணியாரத்தைத் தின்று முடித்தார். தீவுக்குத் திரும்பினார். அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.